ஜாக்கெட் முதுகில் அரசு அறிவிப்பு

“கவர்மெண்டு இன்னா, உன்னாண்ட கேட்டுகினா ரோடு போடும்?”

பக்கத்து டீக்கடை கஜேந்திரன் அண்ணன் இப்படிக் கேட்டபோது, நான் எங்கள் கடைச் சுவரின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சுவரில் புதிதாக ஒரு சிவப்புப் பெயிண்ட் அம்பு. தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டியது.

ராஜகீழ்ப்பாக்கத்தில், தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையை ஒட்டி இருந்தது எங்கள் இடம். முன்னால் அத்தாவின், அதாவது என் அப்பாவின், தையல் கடை, பின்னால் வீடு. அன்று காலையில் இரண்டு பேர் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். அத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கவாட்டுச் சுவரில் அம்பு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அம்பின் முனை தையல் மெஷினுக்கு நேராக நின்றது. சாலை அதுவரை வரும் என்று அர்த்தம்.

“கேக்கணும்ணா. நோட்டீஸ் விடாம யார் இடத்தையும் எடுக்கக் கூடாது,” என்றேன்.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். வணிகச் சட்டம் என்று ஒரு பாடம் உண்டு. அதில் நிலம் எடுப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சட்டம் என்ற சொல்லைப் பாடமாகப் படிக்கிறோம் என்ற தைரியத்தில்தான் பேசினேன்.

“இத்தெல்லாம் உங்க காலேஜுல சொல்லு. இந்த ரோட்டுல நோட்டீஸுன்னா அது ஜேசிபிதான். வந்து நின்னாத்தான் தெரியும்,” என்றார் அண்ணன். பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்து, “பாய், பொண்ணு வக்கீலு கணக்கா பேசிகினு கீது. டீ சொல்லவா?” என்றார்.

அத்தா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்து முடித்த பிறகும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கவர்மெண்டு பக்கம்

நான் கல்லூரியில் சேர்ந்த கதையைப் போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “யாருமே படிக்காத வீட்டில் உங்களுக்குப் படிக்க என்ன கிடைத்தது?” என்று கேட்டிருந்தார்.

அரசாங்க அறிவிப்புகள் கிடைத்தன.

பெண்களுக்கு ஜாக்கெட், சுடிதார் தைப்பவர் அத்தா. ஒருவருக்கு முதல் தடவை அளவெடுத்ததும் அந்த அளவைப் பேப்பரில் வெட்டி வைத்துக்கொள்வார். முன்பக்கம், முதுகு, கை என்று தனித்தனித் துண்டுகள். அடுத்த முறை அவர்கள் துணியை மட்டும் கொடுத்தால் போதும்; பேப்பர் நைந்தால் புதிதாக வெட்டிக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாததால் பேப்பர் மேல் பெயர் எழுத மாட்டார். அவரவர் துணியிலிருந்து ஒரு துணுக்கைக் கிழித்து அந்தப் பேப்பரில் முடிந்துவிடுவார். பச்சைப் பட்டு என்றால் இங்கிலீஷ் டீச்சர். மஞ்சள் புள்ளி என்றால் மருந்துக் கடைக்காரர் மனைவி. கொக்கி நிறைய இப்படித் தொங்கும்.

பேப்பர் கஜேந்திரன் அண்ணன் கடையிலிருந்து வரும். முதல் நாள் பேப்பரில் சினிமாப் பக்கமும் கிரிக்கெட் பக்கமும் கைமாறி, கிழிந்து, வடை மடிக்கப் போய்விடும். யாரும் தொடாத பக்கங்கள் மட்டும் மடிப்புக் கலையாமல் மிஞ்சும். அவைதான் அறிவிப்புப் பக்கங்கள். படமே இல்லாமல் முழுக்கப் பொடி எழுத்தாக இருப்பதால் அதன் மேல் பென்சில் கோடு நன்றாகத் தெரியும் என்பார் அத்தா. கலர்ப் படம் போட்ட பக்கம் என்றால் மை துணியில் இறங்கிவிடும். “கவர்மெண்டு பக்கம் இருந்தா எடுத்து வைங்க,” என்று அவர் கேட்பதும், அண்ணன் எடுத்து வைப்பதும் பல வருடப் பழக்கம்.

வெட்டும் மேசைக்குக் கீழே உட்கார்ந்து, விழுகிற துண்டுகளைப் படித்துத்தான் நான் பெரிய வாக்கியங்களுக்குப் பழகினேன். ஒப்பந்தப்புள்ளி, பொது ஏலம், பெயர் மாற்றம். பாதி வாக்கியத்தில் கத்தரி ஓடியிருக்கும். “இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்” வரை என் கையில் இருக்கும். என்னவென்றால் என்ன என்பது யாருடைய கழுத்தளவிலோ போயிருக்கும். அந்த மீதியை நானே கற்பனை செய்துகொள்வேன்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டெழுத்து மூன்றெழுத்துச் சொற்களைத் தாண்டியதும் அத்தா என்னைப் படிக்கச் சொன்னது கதைப் புத்தகம் இல்லை, எங்கள் இடத்தின் கிரயப் பத்திரம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சொந்த இடத்தைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் இருவரும் முதல் தடவையாகக் கேட்டார்கள். திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். அதனால் எங்கள் சர்வே எண்ணும் உட்பிரிவும் வாய்ப்பாடு மாதிரி எனக்கு மனப்பாடம்.

கட்டம் கட்டமாக

அம்புக்குறி வந்த அன்று மாலை, கல்லூரியிலிருந்து வருகிற வழியில் செல்வம் அண்ணாவின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பலகை அடித்துப் பிரித்த சின்னச் சின்ன அறைகள், பழைய கம்ப்யூட்டர்கள், ஒரு டேபிள் ஃபேன். பரீட்சை முடிவு பார்க்க மட்டும்தான் அதுவரை அங்கே போயிருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். செல்வம் அண்ணா உற்சாகமாகிவிட்டார். “நோட்டீஸ் விட்டிருந்தா நெட்ல போட்டிருப்பாங்க ஷமீமா. இப்ப எல்லாம் ஆன்லைன்தான். தேடிடலாம்.”

தேடினோம். ஒரு பக்கம் திறப்பதற்குள் அவர் இரண்டு பேருக்கு பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, ஒருவருக்கு மிச்சச் சில்லறையும் தேடிவிட்டார். கடைசியில் அரசாங்கத் தளம் ஒன்றில் ‘சாலை விரிவாக்கம்’ என்று ஆங்கிலத்தில் தலைப்பு வைத்த ஒரு பக்கம் திறந்தது. தலைப்புக்குக் கீழே ஒரே கட்டம் கட்டமாக, நடுவில் கேள்விக்குறியும் வெள்ளைக்கார எழுத்தும் கலந்து கிடந்தது.

“ஃபாண்ட் இல்ல, அதான். இரு,” என்றார். எங்கிருந்தோ எழுத்துருவை இறக்கினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

அந்தக் கணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது. கட்டங்கள் இருந்த இடத்தில் தமிழ் நின்றது. மேசைக்குக் கீழே உட்கார்ந்து துண்டு துண்டாகப் படித்த அதே தமிழ், இந்த முறை கத்தரி படாமல், முழு வாக்கியமாக. எங்கள் ஊரின் பெயர். சாலையை அகலப்படுத்த நிலம் தேவைப்படுகிறது என்ற செய்தி. அதற்குக் கீழே, ஆட்சேபணையோ கோரிக்கையோ உள்ளவர்கள் இன்ன அலுவலகத்தில், அடுத்த புதன்கிழமை நேரில் வந்து தெரிவிக்கலாம் என்று ஒரு வரி.

தெரிவிக்கலாம்! யார் வேண்டுமானாலும். கோட்டையில் இருக்கிற ஒரு பெரிய அரசாங்கம், ஜாக்கெட் தைக்கிற என் அத்தாவைப் பார்த்து, உனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

“பாத்தியா, நெட்டு,” என்றார் செல்வம் அண்ணா, தானே எழுதிப் போட்டவர் மாதிரி.

ஆனால் எந்தெந்த இடங்கள் என்ற அட்டவணை அதில் இல்லை. ‘நில விவரம் நாளிதழில் வெளியானபடி’ என்று சொல்லி, பேப்பரின் பெயரையும் தேதியையும் போட்டு முடித்திருந்தார்கள். கஜேந்திரன் அண்ணன் வாங்குகிற அதே பேப்பர்தான்.

ஒரு முதுகும் ஒரு கையும்

ஓடினேன். அண்ணன் கடையில் அந்தத் தேதிப் பேப்பர் இல்லை. “அது எப்பவோ பாயாண்ட பூட்சே,” என்றார்.

எங்கள் கடைக் கொக்கியில் தொங்கிய எல்லாவற்றையும் இறக்கித் தரையில் பரப்பினேன். அத்தா பதறினார். “கலச்சுடாதம்மா, யாருது எதுன்னு தெரியாமப் போயிடும்.”

“துணி முடிஞ்சிருக்கில்ல அத்தா, தெரியும்,” என்றேன்.

அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். எழுத்து தெரியாத அம்மாதான் கண்டுபிடித்தாள். “கட்டம் போட்ட பேப்பர்தானே தேடுறே? இதுல கட்டம் இருக்கு பாரு.” அவள் கையில் இருந்தது பச்சைப் பட்டு முடிந்த ஒரு முதுகு. அட்டவணையின் இடது பாதி அதில் இருந்தது. வலது பாதி அதே டீச்சரின் கையாக வெட்டப்பட்டிருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தேன். முதுகில் எங்கள் சர்வே எண். அதற்கு நேராக ‘முனு’ என்று தொடங்கிய பெயர், கைத் துண்டில் ‘சாமி’ என்று முடிந்தது.

முனுசாமி, அத்தாவுக்கு இடத்தை விற்றவர். எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டார்.

“நம்ம பேரு இல்லியே,” என்றார் அத்தா. அவர் முகத்தில் ஒரு நிம்மதி. “அப்ப நமக்கில்ல.”

“நம்பர் நம்மதுதான் அத்தா. பத்திரம் நம்ம பேர்ல இருக்கு. பட்டாவை மாத்தாம விட்டுட்டோம்.”

எங்கள் பகுதியில் பாதிப் பேர் இப்படித்தான். பத்திரம் பதிந்ததும் பிரியாணி போட்டு ஊரைக் கூட்டிச் சாப்பிடுவோம். பட்டா மாற்றம் என்று இன்னொரு வேலை இருப்பதை யாரும் சொல்வதில்லை. அரசாங்கத்துக்குத் தெரிந்த சொந்தக்காரர் இன்னமும் முனுசாமிதான். புதன்கிழமை யாரும் போகாவிட்டால் கடையும் போகும், அதற்கான ஈட்டுத்தொகையும் ஊரில் இல்லாத ஒருவர் பெயரில் நிற்கும். அத்தா இங்கே உட்கார்ந்து தைத்தார் என்பது எந்தத் தாளிலும் இருக்காது.

அத்தா அந்த முதுகை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “நானே வெட்டியிருக்கேன். என் வீட்டு மேலயே கோடு போட்டு வெட்டியிருக்கேன்,” என்றார்.

பேப்பரா, நெட்டா?

மறுநாள் காலை டீக்கடையில் இதே பேச்சு. துண்டுகளை ஒட்டிக் கொண்டுபோயிருந்தேன். அண்ணன் கடை இடத்தின் சர்வே எண்ணும் அதில் இருந்தது.

“அட, என் கடையிலயே கெடந்து, என் கையாலயே மட்ச்சு குட்த்துகீறேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

டீ குடிக்க வந்த செல்வம் அண்ணா விடவில்லை. “அதான் சொல்றேன், பேப்பர் வேஸ்ட். ஒரு நாள் வரும், மறுநாள் வடைக்குப் போகும். நெட்ல போட்டா அப்படியே இருக்கும்.”

“உன் கடைக்கு வந்தா மணிக்கு இவ்ளோன்னு புடுங்குவே. இங்க ஒரு டீ வாங்குனா பேப்பர் ஓசி.”

“ஓசில இருந்தும் எவன்ணா படிச்சான்?”

“உன்து மட்டும் இன்னா, கட்டம் கட்டமா வந்துச்சாமே!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எங்கள் கடைப் படியில் நின்றபடி அம்மா குரல் கொடுத்தாள். ஆண்கள் பேசும்போது அவள் அப்படிக் குறுக்கே பேசி நான் கேட்டதில்லை.

“ரெண்டுமே ஆம்பளைங்க உக்கார்ற எடம்தான். டீக்கடைக்கு நான் வர மாட்டேன். கம்ப்யூட்டர் கடைக்கும் வர மாட்டேன். நான் தெனம் நிக்கிறது ரேஷன் கடையிலயும் தண்ணி லாரிகிட்டயும். அங்க எவனாச்சும் ஒரு நோட்டீஸ் ஒட்டினானா?”

கஜேந்திரன் அண்ணன்தான் முதலில், “அக்கா சொல்றது கரீக்ட்டு,” என்றார்.

அம்மாவை வியந்து பார்த்தேன். இந்தப் பேச்சைக் கல்லூரியில் பட்டிமன்றமாக வைத்தால் இரண்டு அணி பிரித்துவிடுவோம். மூன்றாவதாக ஒரு இடம் இருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

“உக்காருங்க பாய்”

புதன்கிழமை நானும் அத்தாவும் கஜேந்திரன் அண்ணனும் பஸ் பிடித்துப் போனோம். அத்தா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பெருநாளுக்குப் போடுகிற சட்டை. அலுவலகப் படியில் செருப்பைக் கழற்றப் போனவரை, “வேணாம் அத்தா, போட்டுக்கங்க,” என்றேன்.

நில எடுப்பு அதிகாரி ஒரு பெண். நரைக்கத் தொடங்கிய முடி, சாதாரணக் கைத்தறிப் புடவை. பக்கத்தில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்ய ஒருவர். அத்தா நின்றுகொண்டே கும்பிட்டார்.

“உக்காருங்க பாய்,” என்றார் அதிகாரி. “உங்க பேரு, எடம், என்ன சொல்லணுமோ சொல்லுங்க. நீங்க சொல்றத எழுதிக்குவோம்.”

பத்திரத்தைக் கொடுத்தேன். எண்ணையும் முனுசாமி விஷயத்தையும் விளக்கினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். “பட்டா மாத்தலியா? உடனே மனு போடுங்க. நோட்டீஸ் எங்க பாத்தீங்க?” என்று கேட்டார்.

பையிலிருந்து முதுகையும் கையையும் எடுத்து மேசை மேல் வைத்தேன். அதிகாரி பார்த்தார். தட்டச்சுக்காரர் எழுந்து வந்து பார்த்தார். பச்சைப் பட்டுத் துணுக்கு இன்னும் முடிந்தபடியே இருந்தது.

“இது யார் அளவு?” என்று கேட்டார் அதிகாரி.

“இங்கிலீஷ் டீச்சரோடது மேடம்,” என்றார் அத்தா. அங்கே போன பிறகு அவர் பேசிய முதல் வாக்கியம். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரியும் சிரித்துவிட்டு, “வேற ஏதாவது சொல்லணுமா பாய்?” என்றார்.

ரோடு வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். அத்தா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். “ரோடு போடுங்க மேடம், நல்லதுதான். ஆனா ரம்ஜானுக்கு ஊர்த் துணியெல்லாம் எங்கிட்ட இருக்கு. பிள்ளைங்க புதுசு போடணும். தெச்சுக் குடுத்தப்புறம் இடிச்சுக்கங்க.”

தட்டச்சுக்காரர் நிமிர்ந்தார். “பண்டிகை வரைக்கும் டைம் கேக்கறார்னு போட்டுடவா மேடம்?”

“அவரு சொன்னதப் போடுங்க. ஊர்த் துணின்னு சொன்னாருல்ல, அது வரணும்.”

எழுதி முடித்ததை வாசித்துக் காட்டினார்கள். மேற்படி நபர் மேற்கண்ட இடத்தைக் கிரயம் பெற்று நீண்ட காலமாகத் தையல் தொழில் செய்து வருவதாகவும், ரம்ஜான் பண்டிகைக்காகப் பொதுமக்கள் ஒப்படைத்துள்ள துணிகளைத் தைத்துத் திரும்ப அளிக்கும் வரை கட்டடத்தை அகற்றாதிருக்க வேண்டும் எனவும் தெரிவிக்கிறார்.

அத்தா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: “நான் இவ்வளவு நல்லாவா பேசினேன்?”

இத்தனை வருடமாக அவர் வெட்டிப் போட்ட தமிழ் அது. அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்ததாக அதே தமிழ் எழுதப்பட்டது. கீழே கைநாட்டு வைத்தார். விரல் மையைத் துடைக்கத் துணி கொடுத்தார்கள், அவர் துடைக்கவில்லை.

அடுத்து கஜேந்திரன் அண்ணனைக் கூப்பிட்டார்கள். பாய்லர் வைக்க இடம் விடும்படி அவர் கேட்டதையும் அப்படியே எழுதினார்கள்.

பெருநாளுக்குப் பிறகு

ரோடு வந்தது. நாங்கள் எதையும் நிறுத்தவில்லை. ஆனால் ஜேசிபி ரம்ஜான் வரை எங்கள் சுவரைத் தொடவில்லை. பக்கத்துக் காலி மனையில் நின்றபடி காத்திருந்தது. கடைசித் துணியை வாங்க ஆள் வந்துபோன பிறகுதான் எங்கள் சுவருக்கு வந்தது. முன்கூட்டியே ஒருவர் வந்து, “பாய், துணியெல்லாம் குடுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு மனிதன் சொன்ன ஒரு வார்த்தைக்காக அந்த மஞ்சள் இயந்திரம் வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் தினமும் கல்லூரி போகும்போது பார்த்தேன். பயத்தோடு அல்ல, பிரமிப்போடு.

பட்டா அத்தா பெயருக்கு மாறியது. ஈட்டுத்தொகையும் அவர் பெயரிலேயே வந்தது. கடை வீட்டுக்குள் நகர்ந்தது. இப்போது மெஷின் இருப்பது எங்கள் பழைய கூடத்தில்.

“கேட்டுச்சும்மா கவர்மெண்டு,” என்றார் கஜேந்திரன் அண்ணன். “ஆனா ரோடு போடாம வுட்லியே!”

அறிவிப்புகளைப் பேப்பரில் போடுவது வீண் செலவு, இனி நெட் போதும் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். பேப்பர் போதும், நெட் யாருக்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். என் வீட்டுக் கதையில் இரண்டும் பாதிப் பாதிதான் சொன்னது. தேதியையும் இடத்தையும் நெட் சொன்னது. யாருடைய நிலம் என்பதைப் பேப்பர் சொன்னது. பேப்பர் கூப்பிடாமலே வீடு வரை வந்தது, ஆனால் ஒரு நாள்தான் பேப்பராக இருந்தது. நெட் அழியாமல் இருந்தது, ஆனால் தேடிப் போனவளுக்குத்தான் கிடைத்தது. இரண்டிலும் முழுசாகப் போட வேண்டும். அதோடு அம்மா சொன்ன ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்ட வேண்டும். ஒரு குடும்பத்தின் வாசல் போகிற விஷயத்தை மூன்று இடத்தில் சொல்வது ஆடம்பரம் இல்லை.

சுவர் விஷயத்தை மனுவாக எழுதி அதே அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். ரசீது வந்தது, பதில் வரவில்லை. ரேஷன் கடைக்காரர், “ஒட்டிக்கம்மா, கிழிஞ்சா நான் பொறுப்பில்ல,” என்று சொல்லிவிட்டார். அது போதும் என்று நானே ஒட்ட ஆரம்பித்தேன். மண்ணெண்ணெய் ஊற்றும் நாளில் வரிசை நீளம். வரிசையில் நிற்கிற பெண்களுக்கு அந்த வாரத்து அறிவிப்புகளை வாசித்துக் காட்டுவேன். “சினிமா நியூஸ் ஏதாச்சும் படியேன்டி,” என்பார்கள். ஆனால் ஊர்ப் பெயர் வந்ததும் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

போன வாரம் வாசித்ததில் எங்கள் ஊர் இல்லை. முடிச்சூரில் ஒரு தெரு, ஒரு நீளமான அட்டவணை. வரிசையில் இருந்த யாருக்கும் அங்கே ஆள் தெரியவில்லை. விசாரணைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

நேற்று கல்லூரி முடிந்து முடிச்சூர் பஸ் ஏறினேன். பேப்பரில் வந்ததையும் நெட்டிலிருந்து எடுத்த பிரிண்டையும் பையில் வைத்திருந்தேன். வயலைத் திருத்திப் போட்ட மனைகள், நடுநடுவே பூசாத வீடுகள். அட்டவணையில் முதலில் இருந்த பெயரைச் சொல்லி விசாரித்தேன். ஒரு நீலக் கதவைக் காட்டினார்கள். தட்டினேன்.

ஈரக் கையோடு ஒரு பெண் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“யாரும்மா நீ? இன்னா வோணும்?”

“உங்க எடத்தைப் பத்தி கவர்மெண்ட் ஒண்ணு கேட்டிருக்குதுக்கா,” என்றேன். “உள்ள வந்து படிச்சுக் காட்டவா?”